அருகிருப்போர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் படிக்கப்பட்ட உரை)

 

ஆண்டு விழா மேடை இயலுக்கும் இசைக்கும் உரியது. சற்று முன்புதான் நம் சிறுமியர் பரதம் ஆடி இறங்கினர்; இன்னும் சிறிது நேரத்தில் பட்டிமன்றம் தொடங்கவிருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே அரைமணிப் பொழுதை மனநோய் பற்றிய பேச்சுக்கு ஒதுக்கிய செயற்குழுவின் துணிவை முதற்கண் பாராட்டுகிறோம். "விழா நாளும் அதுவுமாக இது எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் வாயிலில் வினவினார். விழா நாளிலன்றி வேறெந்த நாளில் நாம் ஐந்நூறு பேர் ஒருங்கே கூடுகிறோம், ஐயா?

நாங்கள் எனப் பன்மையிற் பேசுவது மேடை வழக்குக்காக அன்று. இத்தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், கணவரோ மனைவியோ இருமுனை மனநோயுடன் வாழ, அவர்க்குத் துணையாக இருக்கும் ஒன்பது பேர் நாங்கள். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலையில் சங்கத்து நூலக அறையிற் கூடுகிறோம். இவ்வுரையை ஒன்பது பேரும் சேர்ந்து எழுதினோம். ஒருவர் குரலில் படிக்கப்படுகிறது. எங்கள் துணைவர்களும் இதனைப் படித்துப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கினர். நீக்கியவற்றுள் சுவையான கதைகள் இரண்டு இருந்தன. அவை அவர்களுக்கே உரியவை. ஆதலின் நீங்கள் கேட்கப் போவதில்லை.

பைபோலார் என்று மருத்துவர் கூறும் இந்நோயைப் பற்றிப் பிழையான எண்ணம் ஒன்று பரவியிருக்கிறது. காலையிற் சிரித்து மாலையில் முகம் வாடுபவரைக் கண்டால், "அவருக்குப் பைபோலார்" என்று அலுவலகங்களில் வேடிக்கையாகச் சொல்கின்றனர். மனம் நாழிகைக்கு நாழிகை மாறுவது மனித இயல்பு, அது நோயன்று. இந்நோயின் கடும் எழுச்சி, வந்தால் ஒரு வாரமேனும் நிற்பது. தாழ்ச்சியோ இரண்டு வாரத்துக்குக் குறையாது, மாதக்கணக்கிலும் நீளும். இவ்விரண்டிற்கும் இடையில் நலக்காலம் உண்டு. சிலர்க்கு அது ஆண்டுக்கணக்கிலும் அமையும். அக்காலத்தில் அவர் கோப்புகளைச் செவ்வனே பார்க்கும் அலுவலர். கணக்குப் பாடத்தை எவரினும் தெளிவாக நடத்தும் ஆசிரியை. அவர் இந்நோயுடையவர் என்று நீங்கள் சொன்னாலும் பக்கத்து வீட்டார் நம்பார்.

எழுச்சி தொடங்கும்போது அதனை நோயென்று எவரும் கொள்வதில்லை. மனைவி விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வீட்டைக் கழுவுகிறாள்; எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாருடன் இந்தியில் மணிக்கணக்கிற் பேசுகிறாள்; இத்தனை நாளும் வாய் திறவாதிருந்தவள் எவ்வளவு கலகலப்பாகிவிட்டாள் என உறவினர் மகிழ்கின்றனர். கணவர் ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினைந்து ஆண்டு இருக்கும்போதே வேலையை விட்டுத் தொழில் தொடங்கப் போவதாகச் சொல்லுகிறார். உறக்கம் மூன்று மணியாகிறது. களைப்பு மட்டும் இல்லை. பேச்சு ஆறாய்ப் பெருகுகிறது. பிறகு ஒரு நாள் வங்கியிலிருந்து செய்தி வருகிறது. முற்காலத்தில் கடன் வாங்குவதற்கு நான்கு பேரைப் பார்க்க வேண்டும். அந்நால்வருள் ஒருவராவது தடுப்பார். இன்று கைப்பேசியில் நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஐந்து நிமிடத்தில், எவர் முகத்தையும் பாராமல் கடன் கிடைக்கிறது.

2017ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்த இந்திய அளவிலான கணக்கொன்று, ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஆறு பேர்க்கு இந்நோய் உண்டு என்கிறது. இவ்வரங்கில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை முன்பே சொன்னோம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நம்மிற் பலர் பள்ளியில் படித்திருக்கிறோம். அளவறிந்து உண்ணுதல், நோயின் காரணத்தை நாடுதல் ஆகியவை எல்லார்க்கும் நினைவிருக்கும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாக எண்ணுகிறது. இந்த நான்காமவரைப் பற்றி உரையாசிரியர்களுக்குப் பின் அதிகம் பேசியவர் இலர். மருத்துவ உலகம் அவரை நெடுநாள் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. நம் நாட்டில் அந்நிலையை மாற்றியவருள் ஒருவர் டாக்டர் வித்யாசாகர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில், நோயாளிகளோடு அவர்தம் உறவினரையும் வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். உடன் இருந்தோர் நோயையும் அதன் போக்கையும் கண்ணாற் கண்டு கற்றனர். நோயாளிகளும் வீடு திரும்பினர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது நீண்டகால வழக்கம்.

அருகிருந்தோர் வரலாறுகளைத் தேடிப் படிப்பது எங்கள் கூட்டத்தின் பணிகளுள் ஒன்று. அவற்றுள் எங்களை மிகவும் பற்றிக்கொண்டது ஓர் ஆங்கிலேயரின் வரலாறு. அதில் நம் தமிழுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதால் இங்கே சற்று விரித்துரைக்க இசைவு தருக.

லெனர்ட் உல்ஃப் என்பவர் 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை ஆட்சிப் பணிக்கு வந்தவர். முதலில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றித் தமிழ் கற்றார், பின்னர்க் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் இருந்தார், சிங்களமும் கற்றார். 1911இல் விடுப்பில் தாயகம் சென்றவர், வர்ஜீனியா ஸ்டீபன் என்னும் பெண்மணியை விரும்பிப் பணியைத் துறந்து, 1912 ஆகஸ்டு 10ஆம் நாள் மணந்தார். அவரே பிற்காலத்தில் உலகம் அறிந்த நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃப். தாய் இறந்தபோதும் தந்தை இறந்தபோதும் அப்பெண்மணி மனநிலை குலைந்தவர். மணமான மறு ஆண்டிலேயே நோய் திரும்பியது; 1913 செப்டம்பரில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 1915இல் எழுச்சி வந்தது. இரண்டு மூன்று நாள் ஓயாது பேசினார். பேச்சு பொருளற்ற சொற்குவியலாயிற்று. பார்த்துக்கொள்ளச் செவிலியர் நால்வர் வேண்டியிருந்தது. அந்நாள்களில் அவருடைய சினம் முழுவதும் கணவர் மேலேயே திரும்பியது. பல வாரம் கணவரைக் காணவே மறுத்தார்.

இப்பகுதியை எங்கள் கூட்டத்திற் படித்தபோது அறையில் அமைதி நிலவியது. பின்னர் ஓர் அம்மையார், "வெள்ளைக்காரருக்கும் இதே கதைதானா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். எழுச்சிக் காலத்துச் சினம் மிக அணுக்கமானவர் மேலேயே பாய்வது இந்நோயில் நாங்கள் பலகாலும் காண்பது. பாதையை மறிப்பவர் அவரே அல்லரோ? இதனை முன்னரே அறிந்தவர் அச்சொற்களைத் தம் இல்லறத்தின் மீதான தீர்ப்பாகக் கொள்ளமாட்டார். அறியாதவரோ, நோய் தணிந்து ஆறு மாதம் ஆன பின்னும் அச்சொற்களை எண்ணி எண்ணி வேகுவார்.

லெனர்ட் மனைவியின் நிலையை நாட்குறிப்பில் நாள்தோறும் குறித்துவந்தார். பிறர் படித்தறியாதிருக்கும் பொருட்டு, ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் கலந்த ஒரு மறைகுறியில் எழுதினார் என்பது அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறும் செய்தி. யாழ்ப்பாணத்திற் கற்ற நம் எழுத்து, கடல் கடந்து ஓர் ஆங்கில இல்லத்தில், நோயுற்ற மனைவியின் இரவுகளைக் குறிக்கப் பயன்பட்டிருக்கிறது! தமிழ் எங்கெல்லாம் சென்றது என்று நாம் மேடைகளிற் பெருமையாகப் பட்டியலிடுகிறோம். அப்பட்டியலில் இதனையும் சேர்க்கலாம்.

குறித்து வந்ததால் அவருக்கு ஒன்று விளங்கிற்று. நோய் திடீரென்று வருவதில்லை. தலைவலி, உறக்கமின்மை, எண்ணங்கள் நில்லாமல் ஓடுதல் என்னும் முன்னறிகுறிகள் உள. அவை தோன்றிய உடனே அனைத்தையும் நிறுத்தி, இருட்டறையில் ஓய்வு, வேளைக்கு உணவு, பால் என்று ஒரு வாரம் ஒழுகினால் பலமுறை நோய் அடங்கியது; பொருட்படுத்தாது விட்டால் முற்றியது. ஒரு நாவலை எழுதி முடிக்கும் காலமே மிகுந்த இடர்க்காலம் என்பதையும் கண்டுகொண்டார். 1917இல் கணவனும் மனைவியும் ஒரு சிறு கையச்சு இயந்திரத்தை வாங்கி உணவறையில் வைத்தனர். எழுத்து வேலையினின்று மனைவியின் மனத்தைச் சிறிது விலக்கும் கைத்தொழில் ஒன்று வேண்டும் என்பது கணவரின் நோக்கங்களுள் ஒன்று. லெனர்டுக்குக் கை நடுக்கம் உண்டு. ஆகவே மனைவி அச்சுக் கோத்தார், கணவர் அச்சடித்தார். ஹோகார்த் அச்சகம் பிறந்த கதை இதுவே. 1915க்குப் பின் இருபத்தைந்து ஆண்டுக் காலம், அவ்வப்போது நோய் தலைகாட்டினாலும், பழைய அளவுக்கு முற்றியதில்லை. வர்ஜீனியாவின் பெரும் நாவல்கள் எல்லாம் அந்த இருபத்தைந்து ஆண்டில் எழுதியவையே.

இவ்வளவும் கேட்ட நீங்கள் லெனர்டை உத்தமக் கணவர் என்று எண்ணியிருப்பீர்கள். ஆராய்ச்சியாளர் சிலர் அவரைச் சிறைக்காவலர் என்கின்றனர்! அதற்கும் காரணம் உண்டு. எத்தனை மணிக்கு உறங்குவது, எவரைக் காண்பது, விருந்தில் எவ்வளவு நேரம் இருப்பது என்பவற்றை எல்லாம் பெரிதும் அவரே முடிவு செய்தார். பிள்ளைப்பேறு வேண்டுமா என்று மருத்துவர் பலரைக் கேட்டார். சிலர் ஆகலாம் என்றனர், சிலர் வேண்டா என்றனர். வேண்டா என்றோர் பக்கமே அவர் நின்றார். அக்குறை வர்ஜீனியாவின் உள்ளத்தை நெடுங்காலம் உறுத்தியது. நகரின் ஆரவாரத்தை விட்டு ரிச்மண்ட் புறநகரில் இருத்தியதும் அம்மையார்க்கு வருத்தமே. 1924இல் அவருடைய விருப்பம் வென்று, இருவரும் நடு இலண்டனுக்கே குடிபெயர்ந்தனர். அவ்விடத்தில் நலம் கெட்டுப்போயிற்றா எனின், இல்லை. அடுத்த எட்டு ஆண்டே அவர் மிகச் சிறந்தவற்றை எழுதிய காலம்.

எங்கள் கூட்டத்தில் இதனைப் பற்றி இரண்டு ஞாயிறு வாதம் நடந்தது. ஒருசாரார் லெனர்ட் பக்கம். மற்றொரு சாரார் அம்மையார் பக்கம். முடிவில் எங்கள் துணைவருள் ஒருவரையே அழைத்துக் கேட்டோம். அவர் கூறியதை அவர் இசைவுடன் இங்கே சொல்கிறோம்: "காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவலின் விதிகளை எழுதும்போது என்னையும் கூப்பிடுங்கள் என்கிறேன்."

இவ்வுரையில் நாங்கள் சொல்ல வந்ததும் அதுவே. எழுச்சியிலோ தாழ்ச்சியிலோ இருப்பவரிடம் எதனையும் பேசி முடிவு செய்ய இயலாது. நலக்காலத்தில் பேசலாம். ஆனால் நலக்காலத்தில் எவர்க்கும் அந்தப் பேச்சை எடுக்க மனம் வருவதில்லை. "நன்றாக இருக்கும்போது அதை ஏன் கிளற வேண்டும்?" என்று மாமியார் சொல்வார், தெய்வக் குற்றம் போலத் தோன்றும். அந்தக் கூச்சத்தைக் கடந்து, கணவனும் மனைவியும் ஒரு மாலையில் அமர்ந்து, அடுத்த முறை வந்தால் யார் என்ன செய்வது என எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடுகளில் எழுதியவற்றுட் சில. ஒரு வீட்டில், ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை நோயுடையவரே ஞாயிறன்று நிரப்புவார், துணைவர் சனிக்கிழமை ஒருமுறை மட்டும் திறந்து பார்ப்பார், இடையில் "மருந்து போட்டாயிற்றா?" என்று கேட்கக் கூடாது. மற்றொரு வீட்டில், உறங்கிய மணிநேரத்தை நாட்காட்டியில் அவரே எழுதுவார். இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணிக்குக் குறைந்தால், வாதமின்றி மருத்துவரை அழைப்பது. பணத்துக்கும் ஒரு வரம்பு: வங்கிக் கணக்கில் நாளொன்றுக்கு எடுக்கும் தொகையை நலக்காலத்திலேயே குறைத்து வைப்பது, இரவு பத்து மணிக்கு மேல் எதனையும் வாங்குவதில்லை. இவை எல்லார்க்கும் பொருந்தும் விதிகள் அல்ல. ஒவ்வொரு வீட்டு விதியும் அவ்வீட்டார் இருவர் கையெழுத்திட்டது.

உறக்கத்தைப் பற்றி ஊர் விட்டு வந்த நமக்கென்று தனியே ஒரு சொல் கூற வேண்டும். உறக்கம் கெடுவது எழுச்சியைக் கிளப்பும் காரணங்களுள் தலையாயது. சென்னை செல்லும் ரயிலில் இரண்டு இரவு. இறங்கியதும் திருமண வீடு. நள்ளிரவு வரை அரட்டை. விடியற்காலை நான்கு மணிக்கு முகூர்த்தம். திரும்பவும் இரண்டு இரவு. ஊருக்குப் போய் வந்த பத்து நாளில் எங்களுள் நான்கு வீடுகளில் நோய் எழுந்திருக்கிறது. இப்போது நாங்கள் செல்லும்போது உறவினர் வீட்டில் தங்காமல் ஓர் அறை எடுத்து, ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கிறோம். "டில்லிக்குப் போனதும் பெரிய மனிதர்களாகி விட்டார்கள்" என்று பேசிக்கொள்கின்றனர். பேசட்டும்.

வர்ஜீனியா 1941 மார்ச்சு 28ஆம் நாள் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கணவருக்கு எழுதி வைத்த கடிதத்தில், தம் வாழ்வின் இன்பம் அனைத்தும் அவரால் வந்ததே என்று கூறியிருந்தார். அதற்கு எட்டு ஆண்டுக்குப் பின், 1949இல், ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்னும் மருத்துவர், எழுச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். 1954இல் டென்மார்க்கில் மொகென்ஸ் ஸ்கோ அதனை முறைப்படி ஆராய்ந்து உறுதி செய்தார். லெனர்ட் இருபத்தெட்டு ஆண்டு பாலும் ஓய்வும் விழிப்பும் கொண்டு போராடியவர். இன்று நம் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை அவருக்குக் கிட்டவில்லை.

லித்தியம் எல்லார்க்கும் பயன்படுவதில்லை. வேறு மருந்துகளும் உள. எதனை யார் உண்பது என்பது மருத்துவர் பாடு. நாங்கள் மருத்துவர் அல்லேம். ஆயினும் அருகிருப்போர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. லித்தியம் பயன்படும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. குருதியில் அதன் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கச் செய்வர், 1.5ஐக் கடந்தால் நஞ்சாகலாம். ஆகவே இரவு மருந்துண்ட பன்னிரண்டு மணி கழித்துக் குருதி எடுத்து அளக்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ஏறும். டில்லியின் மே, ஜூன் வெயிலை எண்ணிப் பாருங்கள்! வயிற்றுப்போக்கு, வாந்தி, உப்பைத் திடீரென விடுகின்ற நோன்பு எல்லாம் இடரே. மூட்டுவலிக்குக் கடையிற் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும், இரத்த அழுத்த மருந்துகள் சிலவும் அதனை ஏற்றும். கை பெரிதாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, நாக் குழறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு செய்ய வல்லது. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் முன்னரே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். தாழ்ச்சிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிலர்க்கு எழுச்சி பிறக்கும். ஆகவே புதிய மருத்துவரைக் காணச் செல்வோர் பழைய எழுச்சியையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நலமாயிருந்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

இனி மொழியைப் பற்றி. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி இக்கட்டு இருக்கிறது. நலக்காலத்தில் நன்றாக இந்தி பேசும் பெண், தாழ்ச்சி வந்ததும் தமிழைத் தவிர வேறு பேசுவதில்லை. மனம் சோர்ந்தவர் வேற்றுமொழியில் வேலை செய்ய மாட்டார். மருத்துவருக்கோ தமிழ் தெரியாது. அப்போது கணவர் நடுவில் அமர்ந்து மொழிபெயர்க்கிறார். "எனக்கு யாரும் இல்லை" என்று அவள் சொன்னதைக் கணவர் எவ்வாறு மொழிபெயர்ப்பார்? அவர் அங்கே இருக்கிறாரே! மருந்தை ஏன் விட்டாய் என மருத்துவர் கேட்க, உடல் பெருக்கிறது, கை நடுங்குகிறது, கோலம் போட முடியவில்லை என்று அவள் நான்கு வாக்கியத்தில் சொல்ல, "பிடிவாதம் பிடிக்கிறாள்" என்று ஒரே வாக்கியத்தில் மொழிபெயர்ப்பு முடிந்துவிடக் கூடும். வழக்கில் ஒரு தரப்பாய் உள்ளவர் துபாசியாகவும் இருப்பது முறையாகாது. மூன்றாமவர் ஒருவர் வேண்டும். எங்கள் கூட்டத்தினர் ஒருவர் வீட்டுக்கு மற்றொருவர் துபாசியாகச் செல்லத் தொடங்கி ஓராண்டாகிறது. அந்த ஒன்றினாலேயே இரண்டு பேர்க்கு மருந்து மாற்றப்பட்டு, கை நடுக்கம் குறைந்தது.

சட்டமும் இப்போது நம் பக்கம் வந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. தாம் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்திருக்கும் காலத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க அச்சட்டம் உரிமை தருகிறது. தம் சார்பில் நிற்பவரை நியமித்துக்கொள்ளவும் இடமளிக்கிறது. அவர் கணவரோ மனைவியோ ஆகத்தான் வேண்டும் என்பதில்லை, நண்பராகவும் இருக்கலாம். சாட்சிகள் இருவர் கையெழுத்துடன், மறுஆய்வு வாரியத்திற் பதிவு செய்ய வேண்டும். மனம் மாறினால் எழுதியவரே மாற்றலாம். உயிருக்கு ஆபத்தான அவசர சிகிச்சையை அது தடுக்காது. நாங்கள் முன்னே சொன்ன வீட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றமே ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது என்று கொள்க. உடல்நோய்க்குக் காப்பீடு அளிப்பது போலவே மனநோய்க்கும் அளிக்க வேண்டும் என்பதும் இதே சட்டம். நம்மிற் பெரும்பாலோர் அரசு ஊழியர். ஆதலின் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தையும் குறிப்பிடுகிறோம். பணியில் இருக்கும்போது இத்தகைய குறைபாடு நேர்ந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்குதலோ பதவியிற் குறைத்தலோ கூடாது என்பது அச்சட்டம். அஞ்சி மறைத்துத் தாமாகவே விலகல் கடிதம் கொடுப்பவர்கள் இதனை அறிதல் வேண்டும். குறிப்பாக, எழுச்சியிலோ தாழ்ச்சியிலோ இருக்கும்போது எழுதும் விலகல் கடிதம் அலுவலகத்தைச் சென்றடையாதபடி பார்த்துக்கொள்வது துணைவர் கடமை. எங்களுள் ஒருவர் வீட்டு மேசையறையில் அத்தகைய கடிதங்கள் மூன்று உறங்குகின்றன. எழுதியவரே பத்திரமாக வைக்கச் சொன்னார்.

தாழ்ச்சிக் காலத்தைப் பற்றி இத்துணை நேரம் பேசாதிருந்தோம். பேசுதற்கு அதில் அதிகம் இல்லை, செய்வதற்கே உண்டு. "எழுந்து நட, கோயிலுக்குப் போ, மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்" என்பவை கால் முறிந்தவரை ஓடச் சொல்வதாகும். குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தல், அருகே அமர்ந்து கீரை ஆய்தல், விடையை எதிர்பாராமல் அன்றாடச் செய்தி சொல்லுதல் ஆகியவை சிறியவை. நாள் முழுதும் இவையே. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அஞ்சாது கேட்டல் வேண்டும்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு ஆவதில்லை, கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ஆம் என்று விடை வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் செல்க, தனியே விடாதீர், வீட்டிலுள்ள மருந்துகளைப் பூட்டி வையுங்கள். 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்ற அரசுச் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். இவ்விழா மலரை மறந்தாலும் அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் போலீசு நடத்தும் என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தயங்குவோரும் உளர். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொண்டு தண்டியாது விடவேண்டும் என 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

"இவ்வளவு துன்பத்தில் ஏன் கூட இருக்கிறீர்கள்?" என்று எங்களைக் கேட்போர் உண்டு. கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். பிரிந்து சென்றோரும் இருக்கின்றனர். அவர்களை நாங்கள் குறை கூறுவதில்லை. அடி விழும் வீட்டில் இருந்தே தீரவேண்டும் என்று எவர்க்கும் நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் நோயின் பெயரைச் சொன்ன அளவிலேயே விவாகரத்து கிடைத்துவிடும் என்று சிலர் எண்ணுவது சட்டமன்று. உடன் வாழ்தல் இயலாது என்னும் அளவுக்கு நோய் கடுமையானதா என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தெளிவாகக் கூறிற்று. எங்களுக்கோ, வழக்கு மன்றம் வரை செல்லும் கேள்வியே இல்லை. ஆண்டில் பத்து மாதம் நாங்கள் வாழ்வது நாங்கள் மணந்தவருடனே. அப்பத்து மாதத்தில் அவர் எங்கள் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கண்விழித்திருக்கிறார். எங்கள் தந்தையாரின் இறுதிச் சடங்கைத் தாமே முன்நின்று நடத்தியிருக்கிறார். அருகிருப்போர் என்னும் சொல் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று.

சங்கத்தாரிடம் எங்கள் விண்ணப்பம் சிறியது. நூலக அறையை எங்களுக்குத் தொடர்ந்து தருக. தமிழும் இந்தியும் ஒருங்கே தெரிந்து, கேட்டதை வெளியே சொல்லாத இயல்புடைய நாலைந்து பேர் துபாசிகளாக வரவேண்டும். திங்கட்கிழமை போன்ற வேலைநாள் காலைகளில் ஓய்வாக இருப்பவராயின் நலம். ஓய்வு பெற்ற பெரியோர் பலர் இவ்வரங்கில் இருக்கின்றனர். பேரகராதி வைத்திருக்க வேண்டியதில்லை. சொன்னதைச் சொன்னபடி சொன்னால் போதும். அடுத்த கூட்டம் வரும் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. நூலகத்தின் பக்க வாயில் வழியாகவும் வரலாம். அங்கே பெயர் எழுதும் ஏடு எதுவும் வைப்பதில்லை. தேநீர் உண்டு.